விடை சரியா என்று யாரைக் கேட்பது?

பத்தாவது முடித்த கையோடு டிப்ளமோவுக்கு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பிளஸ் டூவில் சொல்லித்தரும் இன்டக்ரேஷன் நமக்குத் திடுதிப்பென்று எதிரே வந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். அப்பாவின் கொத்து வேலைக் கூலியில் டியூஷனுக்கு வழியில்லை.

தனியாகப் படிப்பவனுக்குப் பெரிய கஷ்டம், போட்ட கணக்கு சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லாததுதான். இன்டக்ரேஷனில் அந்தக் கவலை கிடையாது! வந்த விடையை டிஃபரன்ஷியேட் செய்யுங்கள். கொடுத்த கணக்கே திரும்பி வந்தால் விடை சரி.

எக்ஸ் காஸ் எக்ஸை எடுத்துக்கொள்வோம். விடை, எக்ஸ் சைன் எக்ஸ் பிளஸ் காஸ் எக்ஸ். இதை வகையிட்டால் முதல் உறுப்பிலிருந்து சைன் எக்ஸும், எக்ஸ் காஸ் எக்ஸும் வரும். இரண்டாவதிலிருந்து மைனஸ் சைன் எக்ஸ். சைன் இரண்டும் அடிபட்டுப்போக, மிச்சம் எக்ஸ் காஸ் எக்ஸ். நடுவில் பிளஸுக்குப் பதில் மைனஸ் போட்டிருந்தால் இரண்டு சைன் எக்ஸ் மிஞ்சி நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியில் போடும் மாறிலி 'சி' விட்டுப்போனால் மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. மாறிலியை வகையிட்டால் பூஜ்யம்தானே? அதை நாம்தான் ஞாபகமாகப் போடணும்.

எல்லை கொடுத்த கணக்கென்றால் படம் வரையுங்கள். இன்டக்ரல் குறியே, கூட்டுத்தொகையைக் காட்ட லைப்னிட்ஸ் 1675-ல் எழுதிய நீட்டிய 'எஸ்' தான். சைன் எக்ஸுக்கு 0 முதல் பை வரை பரப்பு 2. அந்த வளைவு 3.14 அகலமும் 1 உயரமும் உள்ள செவ்வகத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு 4 வந்திருந்தால் உடனே மறுபடி போடுங்கள்.