மினிமோகில் கேட்கும் உறுமல்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், டிரமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இயங்கிய ராபர்ட் மோகின் நிறுவனம் 1970இல் மினிமோக் சிந்தசைசரை உருவாக்கியது. அதுவரை அலமாரி அளவுக்கு இருந்த கருவியை ஒரே ஆள் தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் அடக்கிய சாதனை அது. 1981 வரை தயாரான அந்தப் பெட்டிகள் இன்றும் மேடையேறுகின்றன. சில மட்டும், கட்டையில் கை வைக்கும் முன்பே உறுமத் தொடங்கிவிடுகின்றன.

கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளையில்தான். டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துக் கொடுக்கும் ஏசி கரண்டை டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அப்போதும் ஏறி இறங்கும் வோல்டேஜை ஃபில்டர் கண்டென்சர்கள் தாங்கிப் பிடிக்கின்றன. ரெகுலேட்டர் அதைப் பிளஸ் 10, மைனஸ் 10 வோல்ட்டில் நிறுத்துகிறது. கண்டென்சருக்குள் இருக்கும் ஈரம் காலப்போக்கில் சூட்டால் உலர்ந்துவிடும். பிறகு அதனால் தாங்க முடிவதில்லை.

இரைச்சலோடு போனால் பரவாயில்லை. மினிமோகில் சுருதியே வோல்டேஜில்தான் நிற்கிறது. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 83 மில்லிவோல்ட்தான். சுருதியை ஆளும் வோல்டேஜ் 10 மில்லிவோல்ட் நகர்ந்தாலே பழகிய காது பிடித்துவிடும்.

பழுது பார்ப்பதும் காதில்தான் தொடங்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேட்டால் உறுமல் இல்லையா? அப்படியானால் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும், கருவியைத் திறக்கத் தேவையில்லை. உறுமல் தொடர்ந்தால் அதன் அதிர்வெண்ணைக் கவனிக்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டையோடுகளைத் தாண்டியதும் 100 ஆகும். 100 கேட்டால் சந்தேகம் கண்டென்சர்மேல். 50 என்றால் ஒரு டையோடு செத்திருக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் பக்கத்து வயரில் ஏறியிருக்கலாம்.

அடுத்தது, வோல்டேஜின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப். ரெகுலேட்டருக்கு முன்னால் ரம்பப்பல் வடிவ அலை தெரிவது இயல்பு. பின்னாலும் தெரிந்தால், பல்லின் அடிப்பகுதி ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்கும் கீழே இறங்குகிறது என்று பொருள்.

பழைய பாகங்களை மொத்தமாகப் பிடுங்கி எறிவது பெரிய தவறு. ஒலி செல்லும் பாதையில் நன்றாக இருப்பதைத் தொடவே கூடாது. பவர் சப்ளையில் உலர்ந்த கண்டென்சர்களை மட்டும், பிளக்கைப் பிடுங்கி, மிச்சக் கரண்டை ரெசிஸ்டர் வழியாக வடித்த பிறகு, பிளஸ் மைனஸ் மாறாமல் மாற்றினால் போதும். 105 டிகிரி தாங்கும் ரகமே நல்லது. பிறகு வோல்டேஜை 10க்குச் சரிசெய்து, கருவியைச் சற்று நேரம் சூடேறவிட்டு, ஒலியை எழுப்பும் மூன்று ஆசிலேட்டர்களுக்கும் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும்.