தைரொயிட் கூடியவர்களும் பார்சலில் வரும் குளிசைகளும்

ஊருக்குத் திரும்பி வந்தபின் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, நித்திரை வருவதில்லை என்று சொல்பவர்கள் பலர். "எல்லாம் யோசனைதான்" என்று வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். பலருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலிந்துகொண்டே போனால், சும்மா இருக்கும்போதும் வியர்த்துக் கொட்டினால், கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தால் யோசனை என்று விட்டுவிடாதீர்கள். தைரொயிட் சுரப்பி தேவைக்கு மேல் ஓமோனைச் சுரக்கின்றதா என்பதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

இந்த நோயில் முடியும் கொட்டும். உடனே வெளிநாட்டிலுள்ள அக்காவோ மாமியோ முடிக்கும் நகத்துக்குமென்று விற்றமின் குளிசைப் போத்தல் அனுப்பி வைப்பார்கள். அவற்றில் பெரும்பாலும் பயோற்றின் இருக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். சில குளிசைகளில் 5,000, 10,000 என்று இருக்கின்றது. இது சுரப்பியைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைத்தான் குழப்புகின்றது. சில ஆய்வுகூட முறைகளில், நோய் இல்லாதவருக்கும் ரி.எஸ்.எச். குறைவாகவும் தைரொக்சின் கூடுதலாகவும் காட்டும். மருந்து எடுப்பவருக்கோ நோய் குறையவில்லை என்பதுபோல் தோன்றி, தேவையில்லாமல் மருந்தைக் கூட்ட நேரலாம். ஆகவே இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே அதை நிறுத்துங்கள். கூடிய அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் நிறுத்துவதென்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கடற்பாசிக் குளிசைகள் வேறு விதம். அவற்றிலுள்ள அயடீன்தான் சுரப்பி ஓமோன் செய்யும் மூலப்பொருள். நாளாந்தத் தேவை 150 மைக்ரோகிராம்தான். அதைவிடப் பல மடங்கு உள்ளே போனால், ஏற்கெனவே கட்டுமீறிய சுரப்பி இன்னும் மோசமாகலாம். கடையில் வாங்கும் அயடீன் உப்பைச் சமையலுக்கு வழக்கம்போலப் பாவிப்பதில் பயமில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது குளிசையை மாறி எடுப்பது. தைரொயிட் குறைந்தவருக்குக் கொடுக்கும் தைரொக்சினையும், கூடியவருக்குக் கொடுக்கும் காபிமசோலையும் சனங்கள் "தைரொயிட் குளிசை" என்றே சொல்கிறார்கள். ஒன்று ஓமோனைக் கூட்டும், மற்றது குறைக்கும். உங்களுடையது முடிந்துவிட்டதென்று பக்கத்து வீட்டில் இரண்டு கடன் வாங்கினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கவும் கூடும்.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை சிலவற்றிலுள்ள ஈஸ்திரஜன், நோயைக் கூட்டாமலே இரத்தத்தின் மொத்தத் தைரொக்சின் அளவை உயர்த்திக் காட்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் குடும்பநல மாதுவிடமாவது சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் தரித்தவர்களும் தாமதிக்காமல் கிளினிக்கில் தெரிவிக்க வேண்டும். காபிமசோலுக்குப் பதிலாக வேறு மருந்து தேவைப்படலாம். தாமாக நிறுத்துவது கூடாது.

காபிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அரிதாக இம்மருந்து வெண்குருதிக் கலங்களைக் குறைத்துவிடும். அடுத்த வேளைக் குளிசையை எடுக்காமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியுடன், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.