காகம் எந்தத் துறையின் பறவை?

பொங்கலுக்கு மறுநாள் காலையில் மயிலாப்பூர் மொட்டைமாடிகளில் மஞ்சள் இலையை விரித்துக் கணுப்பிடி வைக்கிறார்கள். மஞ்சள் சாதம், குங்குமம் கலந்த சிவப்புச் சாதம், தயிர்சாதம் என்று சின்னச் சின்ன உருண்டைகள் வரிசையாக இருக்கும். உடன்பிறந்தவர்கள் காகக் கூட்டம்போல் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். அமாவாசைக்கு அமாவாசை முதல் கவளமும் காகத்துக்குத்தான். கூப்பிட்டும் காகம் வராவிட்டால் பெரியவர்களின் முகம் வாடிவிடும். அதே காகம் இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் செத்துக் கிடந்தால், துடைப்பத்தால் ஓரம் தள்ளுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வராத காகத்துக்காகக் கவலைப்படும் ஊர், செத்த காகத்தைக் கணக்கில் வைப்பதில்லை. பறவைக் காய்ச்சலை முன்கூட்டியே அறிய வேண்டுமானால் அரசு முதலில் சரிசெய்ய வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

பறவைக் காய்ச்சலுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா ‘ஏ’ வைரஸ். காட்டு நீர்ப்பறவைகளின் குடலில் இதன் பல வகைகள் பெரிய தொந்தரவு தராமல் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. நெருக்கியடித்து வளர்க்கும் பண்ணைகளுக்குள் புகுந்து உருமாறும்போது சில வகைகள் கொடியவையாகிவிடுகின்றன. இன்று உலகைச் சுற்றிவரும் எச்5என்1 வம்சம் 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், வளர்ப்பு வாத்துகளிடம் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தபோதுதான், பண்ணையின் நோய் வலசைப் பறவைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது உறைத்தது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் இந்தியாவின் முதல் தொற்று உறுதியானது. ஆக, இது பறவைகள் நமக்குக் கொண்டுவந்த நோய் என்பது பாதிக் கதை. நாம் அவற்றுக்குக் கொடுத்ததும் அதில் உண்டு.

இந்தியாவில் இந்த நோயின் வரவைக் காகங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2011-12-இல் ஜார்க்கண்டில் காகங்கள் கூட்டமாக விழுந்தன, சோதித்தபோது எச்5என்1. 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானின் ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் செத்த காகங்களில் எச்5என்8 உறுதியானது. அதே நாள்களில் இமாசலத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் வலசை வந்த வரித்தலை வாத்துகள் மடியத் தொடங்கின. ஏறத்தாழ 5,000 பறவைகள் போயின. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்துபோகும் அதே இனம்தான். 2021 ஜனவரியில் டெல்லியின் பூங்காக்களிலும் காகங்கள் செத்து விழுந்து தொற்று உறுதியானது. காகத்தைத் தேர்ந்தெடுத்து இந்த நோய் தாக்குகிறது என்று பொருளல்ல. காகம் எதையும் தின்னும், நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் அடையும், நம் கண்ணெதிரிலேயே வாழும். சதுப்பின் நடுவே ஒரு காட்டு வாத்து செத்தால் யாருக்கும் தெரியாது. காகம் செத்தால் தெருவுக்கே தெரியும்.

தென்சென்னையின் வரைபடத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. அதே சதுப்பின் விளிம்பில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. கோழிக் கடைக் கழிவும் மிச்சச் சோறும் தேடி அங்கே வரும் காகமும் பருந்தும் உண்ணிக்கொக்கும் சதுப்பின் தண்ணீரிலும் இறங்குகின்றன. வடக்கே அடையாறு முகத்துவாரம், தியசாபிகல் சொசைட்டியின் மரங்கள், கிண்டி தேசியப் பூங்கா. இவற்றில் அடைந்து எழும் காகம் காலையில் தி.நகர் மாடியிலோ மயிலாப்பூர் மாடியிலோ சோறு தின்ன வரலாம். சைபீரியத் திசையிலிருந்து வந்த வாத்துக்கும் நம் வீட்டு இலைக்கும் நடுவே இப்படி ஒரு பறவை தினமும் போய்வருகிறது. கணுப்பிடி வரும் தை மாதம்தான் சதுப்பில் வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் காலமும்.

இதையெல்லாம் கவனிக்க அரசிடம் ஏற்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்கான மத்திய அரசின் செயல்திட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. பண்ணையில் தொற்று உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கோழிகளை அழிப்பது, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பது என்று அதில் விவரமாக வகுத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய பறவையின் தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கசியாதபடி மூன்றடுக்குப் பொதியில் பனிக்கட்டியோடு போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் அது. நாட்டில் இந்த நோயை இறுதியாக உறுதிசெய்யும் இடமும் அதுதான். ஆய்வகத்தின் திறமையில் குறை இல்லை. ஆய்வகம் வரை போய்ச் சேரும் பறவைகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

கோழி கால்நடைத் துறையின் பொறுப்பு. சரணாலயத்துப் பறவை வனத்துறையின் பொறுப்பு. ஆண்டுதோறும் ஈரநிலப் பறவைகளை அத்துறை எண்ணுகிறது, ஆனால் அது உயிரோடிருப்பவற்றின் கணக்கு. தெருவில் கிடக்கும் சடலம் மாநகராட்சியின் குப்பை. காகம் இந்த மூன்றுக்கும் நடுவில் விழுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது; 2022-இல் வந்த திருத்தம்தான் அந்தப் பட்டியலையே எடுத்தது. சட்டத்தில் காகத்தின் தகுதி உயர்ந்துவிட்டது. அது செத்தால் எந்தத் துறை வர வேண்டும் என்பது மட்டும் தெருவில் இருப்பவருக்குத் தெரியாது. மாநகராட்சியின் 1913-ஐ அழைப்பதா, கால்நடை ஆம்புலன்ஸின் 1962-ஐ அழைப்பதா, வனத்துறையைத் தேடுவதா?

ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். தி.நகர் உள்தெரு ஒன்றில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு காகங்கள் கிடக்கின்றன. மூன்றாவது ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு, நிற்க முடியாமல் மதிலோரம் சரிகிறது. ஆறரை மணிக்கு வரும் தூய்மைப் பணியாளர்தான் அவற்றை முதலில் பார்ப்பவர். முறத்தால் அள்ளி, பேட்டரி வண்டியின் தொட்டியில் காய்கறித் தோலோடு போடுகிறார். எட்டு மணிக்குள் தெரு சுத்தம். கூடவே தடயமும் சுத்தம். சென்னை வெயிலில் சடலம் சீக்கிரமே அழுகிவிடும் என்பதால், நல்ல மாதிரி கிடைப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். வேறு எங்கிருந்து யார் வந்தாலும் அதற்குள் வந்து சேர முடியாது. எனவே பறவைக் காய்ச்சல் கண்காணிப்பில் முதல் ஊழியர் விஞ்ஞானியல்ல, துடைப்பம் பிடித்தவர். நோய் உண்மையிலேயே இருந்தால் முதலில் ஆபத்துக்கு ஆளாகிறவரும் அவரே.

இந்த முதல் ஊழியரைத் தயார்படுத்தப் பெரிய செலவு தேவையில்லை. ஒரே இடத்தில் மூன்று பறவைகளுக்கு மேல் செத்துக் கிடந்தாலோ, கழுத்து திருகி நடுங்கும் பறவையைக் கண்டாலோ தொடாமல் தகவல் சொல்ல வேண்டும் என்று பணியாளர்களுக்கு அரை நாள் பயிற்சி தரலாம். வண்டிக்கு இரண்டு ஜோடி கையுறை, முகக்கவசம், தடித்த பைகள். மண்டல அலுவலகத்தில் ஓர் ஐஸ் பெட்டி. பொதுமக்களுக்கு ஒரே எண். அதற்குப் பின்னால் மூன்று துறைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். முதல் கட்டச் சோதனையைக் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கும் நம் ஊரிலேயே முடித்துக்கொண்டு, சந்தேகம் உள்ளதை மட்டும் போபாலுக்கு அனுப்பலாம். முடிவுகளை, ‘நோய் இல்லை’ என்பது உட்பட, வெளியிட வேண்டும். காகங்கள் வெயிலிலும் விஷத்திலும் மாஞ்சா நூலிலும்கூடச் சாகின்றன. எதனால் இல்லை என்று தெரிவதும் தகவல்தான். பிரிட்டனில் செத்த பறவையைப் பொதுமக்களே அரசுக்குத் தெரிவிக்கலாம், முடிவுகள் வெளியாகின்றன. அமெரிக்க வேளாண் துறை காட்டுப் பறவைகளில் கண்டறிந்த தொற்றை இடவாரியாகப் பட்டியலிடுகிறது.

வெளியிட்டால் பீதி கிளம்பும், நாமக்கல்லில் முட்டை விலை சரியும் என்பது முதல் மறுப்பு. இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. கோழியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் காட்டுப் பறவையில் தொற்று தெரிவதாலேயே ஒரு நாட்டின் கோழிப் பண்ணைகள் நோயற்றவை என்ற தகுதி போகாது, அதைக் காட்டி இறக்குமதிக்குத் தடை போடக் கூடாது என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதியே. 70 டிகிரி வெப்பத்தில் நன்றாக வேகும் முட்டையிலும் கறியிலும் இந்த வைரஸ் பிழைப்பதில்லை. விலையை வீழ்த்துவது பெரும்பாலும் வதந்தி. அதிகாரபூர்வமான எண் இல்லாத இடத்தில், செத்த காகத்தின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றினாலே போதும். அருகில் உள்ள காகங்களில் நோய் தெரிந்தால் பண்ணைக்காரர் வலையைச் சரிசெய்துகொள்ள ஒரு வாரமாவது கிடைக்கும். தெரியாவிட்டால் நோய் நேராகக் கோழிகளிடம் வந்துதான் தன்னை அறிவிக்கும். 2006-க்குப் பிறகு இந்தியாவில் இந்த நோயால் செத்தவையும் அழிக்கப்பட்டவையுமாக 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் போயிருக்கின்றன.

மனிதருக்கு அரிதாக வரும் நோய்க்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு, டெங்குவைப் பார்க்கக் கூடாதா என்பது இரண்டாவது மறுப்பு. அரிது என்பது உண்மை. 2003-லிருந்து உலகம் முழுக்க எச்5என்1 தொற்றியதாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 1,000 பேர்தான். ஆனால் அவர்களில் பாதியளவு பேர் இறந்துவிட்டார்கள். இந்தியாவில் 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுக் குழந்தையும் உயிரிழந்தனர். வைரஸும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் புகுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நாக்பூரின் கோரேவாடா மையத்தில் மூன்று புலிகளையும் ஒரு சிறுத்தையையும் கொன்றது. 2025 ஆகஸ்டில் டெல்லி உயிரியல் பூங்காவில் மஞ்சள் மூக்கு நாரைகள் செத்ததால் பூங்காவையே மூடினார்கள். மனிதரிடம் எளிதில் பரவும் வடிவத்தை அது எடுத்த பிறகு கண்காணிக்கத் தொடங்குவதில் பயனில்லை. டெங்குவோடு போட்டியும் இல்லை; கேட்பது கையுறையும் ஐஸ் பெட்டியும் ஒரு தொலைபேசி எண்ணும்.

பறவைகள்தான் ஆபத்து என்றால் மரக்கிளைகளை வெட்டி அவற்றை விரட்டிவிடலாமே என்பது மூன்றாவது. விரட்டப்பட்ட பறவை நோயோடு அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். காட்டுப் பறவைகளைக் கொல்வதால் நோய் நிற்பதில்லை என்பதில் உலக அமைப்புகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் தோன்றியபோது, வலசைப் பறவைகள் உண்ணிகளோடு அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார அமைப்பின் உதவியோடு சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, பறக்கவிட்டது. பறவைகள் மீதான ஐயம் நிரூபணமாகவில்லை. காய்ச்சல் உள்ளூர்க் காட்டின் உண்ணிகளிலும் குரங்குகளிலும் வேர்விட்டிருந்தது. ஆனால் அந்த வளையங்களின் வழியாகத்தான், எந்தப் பறவை எங்கிருந்து நம் நாட்டுக்கு வருகிறது என்ற அறிவின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தது. கோடியக்கரை அந்தப் பணியின் முக்கியக் களங்களில் ஒன்று. சந்தேகப்பட்ட பறவையைச் சுடாமல் எண்ணியதால் கிடைத்த லாபம் அது.

அண்டை மாநிலத்தில் நோய் என்றதும் எல்லைச் சாவடியில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பது நமக்குப் பழகிய காட்சி. அது தேவைதான். ஆனால் பள்ளிக்கரணைக்கு வரும் வாத்து எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை. அதனுடைய சாவடி தி.நகர் மரத்தடிதான். அங்கே நாளைக் காலை ஆறரை மணிக்கு வரும் பணியாளரின் கையில் கையுறையும், கூப்பிட ஓர் எண்ணும், கூப்பிட்டால் எடுக்க ஒரு துறையும் வேண்டும். அதற்கு முதலில் மூன்று துறைகளில் ஒன்று, காகம் தன் பறவை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.