நாற்காலிக்கு வந்த பரிசுகள்

லங்காவிக்குச் செல்பவர்கள் கேபிள் கார், கடற்கரை, சாக்லேட் என்று திட்டமிடுவார்கள். கிலிம் பகுதியிலுள்ள கெலேரியா பெர்டானாவுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்த துன் டாக்டர் மகாதீர் முகமட்டுக்கும் அவரின் துணைவியாருக்கும் வழங்கப்பட்ட அன்பளிப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மரச்சிற்பங்கள், படிகக் கண்ணாடிப் பொருள்கள், ஆயுதங்கள், இசைக்கருவிகள் என அவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

ஒரு நாடு தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என விரும்புகிறதோ, அதையே பெரும்பாலும் பரிசாகத் தருகிறது. 1912-இல் ஜப்பான், வாஷிங்டன் நகருக்கு 3,000-க்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை அனுப்பியது. சிங்கப்பூர், வருகை தரும் தலைவர்களின் பெயரைப் புதிய ஆர்க்கிட் மலர்களுக்குச் சூட்டுகிறது. செலவு குறைவுதான், ஆனால் நினைவு நிலைத்து நிற்கிறது.

சரி, இப்படி வரும் பரிசு யாருக்குச் சொந்தம்?

இது பழைய கேள்வி. 1785-இல் பிரான்சிலிருந்து விடைபெற்ற அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்கிளினுக்கு, 408 வைரங்கள் பதித்த தம் உருவப்படத்தை மன்னர் பதினாறாம் லூயி அளித்தார். பிராங்கிளின் அதை நாடாளுமன்றத்திடம் தெரிவித்து, அனுமதி பெற்ற பிறகே வைத்துக்கொண்டார். வைரம் வாங்கிய கை, கொடுத்தவருக்குச் சாதகமாகக் கையெழுத்திடாதா என்ற ஐயம் அன்றே எழுந்தது. அதனால் 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனம், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அதிகாரிகள் அயல்நாட்டு அன்பளிப்புகளைப் பெறுவதைத் தடை செய்தது. இந்தியாவிலும் இத்தகைய பரிசுகள் 'தோஷகானா' எனும் அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கப்படுகின்றன.

இந்த இடத்தில்தான் அருங்காட்சியகம் முக்கியத்துவம் பெறுகிறது. அலமாரிக்குள் பூட்டிவைத்த பரிசைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. கண்ணாடிப் பேழையில் வைத்த பரிசை ஒரு பள்ளி மாணவரும் பார்த்து, “இதை ஏன் கொடுத்தார்கள்?” என்று கேட்கலாம்.

இது தலைவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. நாளை நம்மில் பலர் அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் பொறுப்பேற்போம். தீபாவளி நேரத்தில் நம் மேசைக்கும் ஒரு பரிசுக்கூடை வரலாம். அப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நாற்காலியில் நான் இல்லாவிட்டால், இது எனக்கு வந்திருக்குமா?