ஈசுவரன் பெயரில் ஒரு வேலிப்பூ

உங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டியோ, பேருந்து நிறுத்தத்தின் பின்னாலோ, பள்ளி வாசலின் இரு பக்கமுமோ இடுப்பளவு உயரத்தில் கத்தரித்துவிட்ட செடி வேலி இருக்கும். அதில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் கொத்துக் கொத்தாகச் சின்னஞ்சிறு பூக்கள் பூத்திருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் நான்கு இதழ்கள். அடியில் ஊசிபோல நீண்ட குழாய். அந்தக் குழாயின் நுனியை உறிஞ்சித் தேன் குடித்த கதையை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இந்தப் பூவின் பெயர் என்ன? தேக்காவில் நின்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் கிடைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த அண்ணன் ‘இட்லிப்பூ’ என்பார். தமிழாசிரியர் ‘வெட்சி’ என்பார். கேரளத்துக்காரர் ‘செத்தி’ என்பார். மலாய் நண்பர் ‘சியந்தான்’ என்றோ ‘ஜாரும்-ஜாரும்’ என்றோ சொல்வார். மலாயில் ‘ஜாரும்’ என்றால் ஊசி. நான்கு பேர் சொன்னதும் சரிதான்.

ஆனால் தாவரவியலாளர் ஒருவர் ‘இக்ஸோரா காக்சினியா’ என்பார். ‘காக்சினியா’ என்றால் செந்நிறமானது. அப்படியானால் ‘இக்ஸோரா’? அந்தச் சொல்லுக்குள் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது.

ஈசுவரன் எப்படி இக்ஸோரா ஆனார்?

போர்த்துகீசிய மொழியில் ‘எக்ஸ்’ என்னும் எழுத்து பெரும்பாலும் ‘ஷ்’ ஒலியைத் தரும். இப்போது ‘இக்ஸோரா’ என்பதை அந்த மொழிக்காரர் போலப் படித்துப் பாருங்கள்: ‘இஷோரா’. ஆம், ஈசுவரன்தான். இந்தியாவின் மேற்குக் கரைக்கும் இலங்கைக்கும் வந்த ஐரோப்பியர்கள் சிவபெருமானின் பெயரை இப்படி எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் பால்டேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலிலும் சிவன் ‘இக்ஸோரா’தான். வழிபாட்டில் படைக்கப்படும் பூ என்பதால் அந்தப் பெயர் செடிக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் மரபில் வெட்சி முருகனுக்கு உரிய பூ. பகைவரின் ஆநிரைகளைக் கவரச் செல்லும் வீரர்கள் சூடியதும் இதுதான். புறத்திணைகளில் ஒன்றுக்கே ‘வெட்சி’ என்று பெயர் இருப்பதை இலக்கிய வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆக, மகனுக்குரிய பூவுக்கு அறிவியலில் அப்பன் பெயர் அமைந்துவிட்டது!

கொச்சியிலிருந்து சுவீடனுக்கு

அந்தப் பெயரை அறிவியலில் நிலைநிறுத்தியவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பிறர் சேகரித்தவையும் பிறர் எழுதியவையுமே அவர் கைக்குக் கிடைத்தன.

அவற்றுள் முக்கியமானது ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் 12 தொகுதி நூல். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடே இதைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. எந்தச் செடிக்கு என்ன பெயர், அது எதற்குப் பயன்படும் என்பதை ரீடேவுக்குச் சொன்னவர்கள் உள்ளூர் வைத்தியர்கள். இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரின் பங்கு அதில் பெரிது. நம் வேலிப்பூ அந்த நூலில் ‘செத்தி’ என்ற பெயரிலேயே இருக்கிறது. இலங்கையில் 1670களில் பால் ஹெர்மன் என்ற மருத்துவர் உலர்த்திச் சேர்த்த செடிகளும் பின்னாளில் லின்னேயஸிடம் வந்தன. அவற்றை ஆராய்ந்து 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார்.

1753இல் வந்தது ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொற்களால் பெயர் வைக்கும் முறையை லின்னேயஸ் இந்நூலில் எல்லாத் தாவரங்களுக்கும் கொண்டுவந்தார். முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் ஒரு சிற்றினத்தைக் குறிப்பது. தாவரப் பெயர்களுக்கு இன்றுவரை இந்த நூல்தான் தொடக்கக் கோடு.

அதன் 110ஆம் பக்கத்தில் இக்ஸோரா இருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு பேரினமும் இருக்கிறது: பாவெட்டா. தமிழ் மருத்துவத்தில் பயன்படும் பாவட்டைச் செடிதான் அது. மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர். கிரேக்க, லத்தீன் வேர் இல்லாத பேரினப் பெயர்களைத் தள்ளிவிட வேண்டும் என்று 1751இல் விதி எழுதியவர் இதே லின்னேயஸ். அப்படியிருந்தும் ஈசுவரனும் பாவட்டையும் அவர் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இடம்பிடித்துவிட்டார்கள்.

எண்ணிப் பிரித்ததில் வந்த சிக்கல்

லின்னேயஸ் செடிகளை வகைப்படுத்திய வழி எளிமையானது. பூவில் எத்தனை மகரந்தத் தாள்கள், எத்தனை சூல்தண்டுகள் என்று எண்ணுவார். நான்கு தாள்களும் ஒரு தண்டும் இருந்தால் ஒரு கூட்டம். இக்ஸோராவும் பாவெட்டாவும் இப்படித்தான் அருகருகே வந்தன. ஆனால் அதே கூட்டத்தில் நம் பிரண்டையைச் சேர்ந்த ‘சிஸ்ஸஸ்’ பேரினமும் இருந்தது! பிரண்டை திராட்சைக் குடும்பத்துச் செடி. எண்ணிக்கை ஒன்றாக இருந்ததே தவிர, அதற்கும் வெட்சிக்கும் நெருங்கிய உறவில்லை.

பிரான்சைச் சேர்ந்த ழுஸ்ஸியே 1789இல் பல பண்புகளையும் சேர்த்துப் பார்த்துக் குடும்பங்களை வகுத்தார். வெட்சி ‘ரூபியேசியே’ குடும்பத்துக்குப் போனது. காப்பியும் நுணாவும் அதே குடும்பம். இதை நீங்களே சோதிக்கலாம். வெட்சிக் கிளையில் இலைகள் எதிரெதிராக இருக்கும். அந்த இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவில், தண்டோடு ஒட்டி, முக்கோணமாக ஒரு சிறு செதில் தெரியும். காப்பிச் செடியிலும் அதே இடத்தில் அது உண்டு.

குடும்பம் உறுதியானது. ஆனால் இக்ஸோரா எங்கே முடிகிறது, பாவெட்டா எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் இழுத்தது. சிங்கப்பூர்த் தோட்டங்களில் வளர்க்கப்படும் ஜாவா வெட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1826இல் ப்ளூமே என்பவர் அதற்கு ‘பாவெட்டா ஜாவானிக்கா’ என்று பெயரிட்டார். நான்கே ஆண்டுகளில், 1830இல், டி கண்டோல் அதை ‘இக்ஸோரா ஜாவானிக்கா’ என்று மாற்றினார். தமிழ்நாட்டில் சுளுந்து என்றொரு மரம் உண்டு. அதன் கிளைகள் நன்றாக எரியும் என்பதால் தீப்பந்தமாகப் பயன்பட்டது. 1799இல் அதற்கு வைத்த பெயர் ‘இக்ஸோரா பாவெட்டா’. குழப்பம் முழுவதும் ஒரே பெயரில்!

பிரெமெகாம்ப் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1934இல் பாவெட்டா பேரினத்தை முழுமையாக ஆராய்ந்து எழுதினார். இரண்டையும் பிரிக்க உதவும் அடையாளங்கள் இவை:

வெட்சியின் சூல்முடி, பூ முதிர்ந்ததும் இரண்டாகப் பிளந்து வெளிப்புறம் வளையும். பாவட்டையில் சூல்தண்டு பூவைவிட்டு வெகுதூரம் நீண்டிருக்கும். நுனி பெரும்பாலும் பிளக்காமலே நிற்கும்.

பாவட்டை இனங்கள் பலவற்றின் இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கரும்புள்ளிகள் தெரியும். அவை நோய் அல்ல. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சிம்மர்மான் என்ற ஆய்வாளர் 1902இல் இதைக் கண்டறிந்தார். வெட்சி இலையில் இந்தப் புள்ளிகள் இல்லை.

மரபணு சொன்ன தீர்ப்பு

சரி, இவை அடுத்தடுத்த வீட்டு அண்ணன் தம்பியா, இல்லை தூரத்து உறவா? கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இங்கேதான் டிஎன்ஏ உதவியது.

2000ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாசன், பிரெமர் என்னும் இரு ஆய்வாளர்கள் செடிகளின் வடிவப் பண்புகளோடு டிஎன்ஏ வரிசைகளையும் ஒப்பிட்டார்கள். ரூபியேசியே குடும்ப மரத்தில் இக்ஸோரா ஒரு கிளையிலும் பாவெட்டா வேறொரு கிளையிலும் இருப்பது தெரிந்தது. 110ஆம் பக்கத்தில் அருகருகே உட்கார்ந்தவை குடும்ப மரத்தில் அருகருகே இல்லை. பெயர் வைத்தவரின் நாட்டிலிருந்தே இந்தத் திருத்தமும் வந்தது.

2009இல் மூலியும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைக் கண்டார்கள். தனிப் பேரினங்களாகக் கருதப்பட்ட சில செடிகள், உண்மையில் இக்ஸோரா கிளைக்குள்ளேயே அடங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று நியூ கலிடோனியாத் தீவில் வளர்வது. கடலோடி கேப்டன் குக்கின் நினைவாக 1973இல் அதற்கு ‘கேப்டன்குக்கியா’ என்று பெயரிட்டிருந்தார்கள். இப்போது அது ‘இக்ஸோரா மார்கரெட்டே’.

ஏன் குக்கின் பெயர் போய் ஈசுவரன் பெயர் நின்றது? யார் பெரியவர் என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேரினங்கள் ஒன்றாகும்போது முதலில் வெளியான பெயரே நிற்கும் என்பது தாவரப் பெயரிடல் விதி. 1753, 1973 ஆகிய இரண்டில் எது முந்தையது? அவ்வளவுதான் கணக்கு.

பெயர் ஏன் மாறுகிறது?

‘விஞ்ஞானிகள் ஏன் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?’ என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். அறிவியல் பெயரின் முதல் சொல் ஓர் உறவைச் சொல்கிறது. ‘இக்ஸோரா ஜாவானிக்கா’ என்றால், ‘இந்தச் செடி மற்ற இக்ஸோராக்களின் நெருங்கிய சொந்தம்’ என்று பொருள். அது ஒரு கூற்று. கூற்று என்றால் சோதிக்கலாம். தவறு என்று தெரிந்தால் திருத்த வேண்டும். அப்போது பெயர் மாறும், செடி மாறாது.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலும் ஐயம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சிற்றினப் பெயருக்கும் சான்றாக, பெரும்பாலும் உலர்த்திய ஒரு மாதிரி, எங்கோ பாதுகாக்கப்படும். சிங்கப்பூர்ப் பூமலையிலும் இப்படி ஒரு காப்பகம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 750,000 உலர் மாதிரிகள் உள்ளன. பெயரில் சந்தேகம் எழுந்தால் ஆய்வாளர்கள் போய்ப் பார்ப்பது இத்தகைய காப்பகங்களைத்தான்.

வெட்சி, இட்லிப்பூ, சியந்தான் என்னும் பெயர்களின் வேலை வேறு. நாம் அந்தச் செடியோடு எப்படிப் பழகினோம் என்பதை அவை சொல்கின்றன. போருக்குச் சூடினோம், இட்லி போல உருண்ட கொத்தைக் கண்டோம். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அறிவியல் பெயரும் வந்திருக்காது. இட்டி அச்சுதன் போன்றவர்கள் வாய்திறந்து சொன்னதால்தான் ரீடே எழுதினார். ரீடே எழுதியதைத்தான் லின்னேயஸ் படித்தார்.

இனி உங்கள் முறை. பூங்காச் செடிகளைப் பறிக்கக் கூடாது. குனிந்து பார்த்தாலே போதும். அதிகம் பேர் கவனிக்காத ஒன்று வெட்சிக் கொத்தில் இருக்கிறது. மொட்டாக இருக்கும்போதே மகரந்தப் பைகள் தம் மகரந்தத்தைச் சூல்தண்டின் மேல் கொட்டிவிடும். பூ விரிந்ததும், மூடிய சூல்முடி அந்தப் பொடியை வண்ணத்துப்பூச்சிக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகுதான் அது இரண்டாகப் பிளந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கும். அதனால் ஒரே கொத்தில் பிளக்காத சூல்முடியும் பிளந்த சூல்முடியும் சேர்ந்தே இருக்கும். எந்தப் பூ இளையது, எது முதிர்ந்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?