பழைய டீசல் காரும் பாட்டில் மருந்தும்

கடையநல்லூரில் உறவினர் இல்லத் திருமணத்தை முடித்துக்கொண்டு நெல்லை நோக்கித் திரும்பிக் கொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் என் காக்கா. பின்னிருக்கையில் உம்மாவும் மதினியும் பிள்ளைகள் இருவரும் அமர்ந்திருந்தனர். ஆலங்குளத்தைத் தாண்டிச் சிறிது தொலைவு வந்திருப்போம். எஞ்சின் இருமுறை திணறிற்று. பின்னர் அடியோடு அடங்கிவிட்டது. இரவு மணி பதினொன்று. சர்க்கரை நோயால் வாடும் உம்மாவைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு வாகனம் கிடைக்கும்வரை ஒன்றரை மணி நேரம் காத்து நின்ற அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கார் பழைய அம்பாசடர் டீசல். வாப்பா காலத்தில் வாங்கியது. 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியைக் காக்கா பிள்ளையைப் போல் பேணி வந்தார். அதிலும் கடந்த எட்டு மாதங்களாக, டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் 400 ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் சேர்மானத் திரவத்தை வாங்கி ஊற்றி வந்தார். “பம்புக்கு மசகு கொடுக்கும், புகை குறையும், மைலேஜ் கூடும், பழைய எஞ்சின் புதிதாகும்” என்று விற்றவர் கூறியிருந்தார். அத்தனை மருந்தும் குடித்த வண்டிதான் நடுவழியில் நின்றது.

மறுநாள் டீசல் பம்பு பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர், பம்பைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். உள்ளே செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தது. வடிகட்டியைக் கவிழ்த்தார், நீர் சொட்டிற்று. “பாய், மருந்து நல்ல மருந்தாகவே இருக்கட்டும். உங்கள் வண்டிக்கு வந்த நோய் வேறு!” என்றார். காக்கா மறுமொழி கூறவில்லை.

அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொண்டால் நம் குடும்பங்கள் பலவற்றின் பணம் வீணாகாமல் காக்கப்படும். இத்தகைய சேர்மானங்கள் யாவும் ஏமாற்று என்று நான் கூற வரவில்லை. அவற்றுக்கு உண்மையான பணி உண்டு. அந்தப் பணிக்கு எல்லையும் உண்டு.

டீசலே எண்ணெய், டீசலே எரிபொருள்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தர ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. உள்ளிழுத்த காற்றைப் பழைய கார்களில் இருபது பங்கு அளவுக்கு நெருக்கி அழுத்தும்போது அது கடும் சூடேறுகிறது. அச்சூட்டில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டதும் தானாகவே பற்றிக்கொள்கிறது. அவ்வாறு உரிய நேரத்தில் உரிய அளவில் டீசலைச் செலுத்துவது பம்பு; அதைப் பீய்ச்சுவது நாசில். இவ்விரண்டும் நலமாக இருந்தால் எஞ்சின் பாதி நலம் பெற்றது போலாகும்.

பம்பினுள் ஒன்றோடொன்று உரசி இயங்கும் எஃகுப் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய இடுக்கில் எஞ்சின் ஆயில் சென்று சேர்வதில்லை. அங்கே ஓடும் டீசலே மசகாகவும் அமைகிறது. அதிலும் பழைய கார்கள் பலவற்றில் உள்ள சுழல் வகைப் பம்பு, தன் மசகுக்கு முழுவதும் டீசலையே நம்பியிருக்கிறது. ஆகவே டீசலின் மசகுத் தன்மை குன்றினால் முதலில் தேய்வது பம்புதான்.

கந்தகத்தோடு வெளியேறியது எது?

“அந்தக் காலத்து டீசலில் மசகு இருந்தது, இப்போதைய டீசலில் இல்லை” என்று பழைய ஓட்டுநர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு.

நம் நாட்டு டீசலில் 1996-க்கு முன் நூற்றுக்கு ஒரு பங்கு வரை, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு வரை, கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்த அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் 50 பங்காகவும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 தரத்தின்படி 10 பங்காகவும் ஆயிற்று. நம் நுரையீரலுக்கு இது பெரும் நன்மை, ஐயமில்லை.

ஆனால் கந்தகத்தை நீக்க, சுத்திகரிப்பு ஆலையில் மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் டீசலோடு ஹைட்ரஜனைச் சேர்க்கிறார்கள். அப்போது கந்தகம் மட்டும் போவதில்லை. உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய பாதுகாப்புப் படலம் அமைக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் உடன் வெளியேறிவிடுகின்றன. மசகு தந்தவை அவையே, கந்தகம் அன்று. கந்தகமே மசகு என்று பலர் எண்ணுவது பிழை.

இதன் விளைவை உலகுக்கு முதலில் உணர்த்திய நாடு சுவீடன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே கந்தகம் மிகக் குறைந்த டீசல் விற்பனைக்கு வந்தது. அதை ஊற்றிய வண்டிகள் சில, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள்ளாகவே பம்பு தேய்ந்து நின்றன. அதன் பின்னரே மசகுச் சேர்மானம் கலப்பதும், மசகை அளக்கும் சோதனையும் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தன.

அச்சோதனை எளிமையானது. 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டு ஒன்றை, 60 பாகை வெப்பத்தில் டீசலில் மூழ்கியிருக்கும் எஃகுத் தகட்டின்மீது, 200 கிராம் எடையுடன் 75 நிமிடம் உரசவிடுவர். பின்னர்க் குண்டில் ஏற்பட்ட தேய்வுத் தழும்பை நுண்ணோக்கியால் அளப்பர். தழும்பு 460 மைக்ரானுக்கு மிகாதிருக்க வேண்டும். இன்று நம் நாட்டில் விற்பனையாகும் டீசலுக்கும் இந்த எல்லை உண்டு.

இங்கேதான் நாம் கருத வேண்டிய செய்தி இருக்கிறது. ஹைட்ரஜன் பறித்ததை ஈடுசெய்ய, தேவையான மசகுச் சேர்மானம் பங்க்குக்கு வருவதற்கு முன்பே டீசலில் கலக்கப்படுகிறது. எனவே நல்ல பங்க்கில் வாங்கிய கலப்படமற்ற டீசலில், பம்புக்கு வேண்டிய மசகு ஏற்கெனவே உண்டு. நாம் ஊற்றும் பாட்டில் அதற்கு மேல் சிறிது கூட்டலாம். இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும் அற்புதம் அன்று அது.

பாட்டிலுக்குள் இருப்பவை

கடையில் கிடைக்கும் சேர்மானங்கள் எல்லாம் ஒன்றல்ல. அவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, மசகு கூட்டுவது. கொழுப்பு அமிலங்கள் அல்லது அவற்றிலிருந்து பெறப்படும் எஸ்டர்கள் இதில் உண்டு. பழைய சுழல் வகைப் பம்பு உள்ளவர்க்கு ஓரளவு பயன் தரக்கூடும். தேய்ந்துவிட்ட பம்பை மீட்காது.

இரண்டாவது, நாசிலைச் சுத்தம் செய்வது. நாசில் முனையில் படியும் கரியை இது மெல்ல நீக்கும். கரி படிந்த நாசிலுக்கு இது உதவும்; தேய்ந்து ஒழுகும் நாசிலுக்கு உதவாது.

மூன்றாவது, டீசல் விரைவில் பற்றிக்கொள்ளச் செய்வது. இதனைச் சீட்டேன் எண் என்னும் அளவால் குறிப்பர். 2000-ஆம் ஆண்டளவில் நம் டீசலுக்கு 48 எனக் குறிக்கப்பட்ட இவ்வெண், இன்று குறைந்தது 51. பழைய எஞ்சின் தன் இளமையில் கண்ட டீசலைவிட இன்றைய டீசல் எளிதில் பற்றக்கூடியது. ஆதலால் இவ்வகையின் தேவை மிகக் குறைவு.

நான்காவது, நீரைக் கையாள்வது. இதில் எச்சரிக்கை வேண்டும். நீரைப் பிரித்து அடியில் தங்கச் செய்வன சில. அதனை வடிகட்டியில் வடித்துவிடலாம். ஆல்கஹால் சேர்த்து நீரை டீசலோடு கலந்து அனுப்புவன வேறு சில. இவை நீரைப் பம்பு வழியாகவே செலுத்துவதால் மசகைக் கெடுத்துத் துருவுக்கும் இடந்தரக்கூடும்.

எவ்வகையாயினும் குறித்த அளவுக்கு மேல் ஊற்றலாகாது. மிகையான சேர்மானம் எஞ்சின் ஆயிலில் உள்ள பொருள்களோடு கூடிப் பிசுபிசுப்பாகி வடிகட்டியை அடைத்த நிகழ்வுகள் உண்டு.

வீட்டு வைத்தியம் செய்வோரும் உளர். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது உண்மை. அதை நம்பிச் சமையல் எண்ணெயை அப்படியே டேங்க்கில் ஊற்றுவது தவறு. அது டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குத் தடித்தது. நாளடைவில் நாசிலில் பிசினாகப் படியும். மண்ணெண்ணெய் கலப்பது இதற்கு நேர்மாறான தீங்கு. அது மெலிந்தது; பம்பின் மசகைக் கரைத்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காக்காவின் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருவது. 40 லிட்டருக்கு 480 கிலோமீட்டர். டீசல் லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால் செலவு 3,600 ரூபாய். பாட்டிலையும் சேர்த்தால் 4,000. பாட்டிலின் விலை மைலேஜிலேயே மீள வேண்டுமாயின், அதே 40 லிட்டரில் வண்டி 533 கிலோமீட்டர் ஓட வேண்டும், லிட்டருக்கு 13.3 கிலோமீட்டர். ஒன்பதில் ஒரு பங்கு உயர்வு! நலமாக இருக்கும் எஞ்சினில் எந்தத் திரவமும் இவ்வளவு உயர்வைத் தருவதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக விளம்பரம் செய்யப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்மானங்களையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பயன் தந்தவை அரிதினும் அரிது.

மாதம் மூன்று டேங்க் வீதம் எட்டு மாதத்தில் காக்கா செலவிட்டது 9,600 ரூபாய். அத்தொகையில் வடிகட்டியைப் பலமுறை மாற்றியிருக்கலாம்; டேங்க்கை இறக்கிக் கழுவியிருக்கலாம்; நாசில்களையும் சோதித்திருக்கலாம்.

செய்யத்தக்கவை

பழைய டீசல் கார் வைத்திருக்கும் அன்பர்கள் பாட்டிலை நாடுமுன் பின்வருவனவற்றைச் செய்க.

வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மாதம் ஒருமுறை நீரை வடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் இருமுறை. டேங்க்கில் பாதி காலியாக வண்டியை நாட்கணக்கில் நிறுத்தினால், உள்ளே உள்ள காற்றின் ஈரம் நீராகப் படியும். இயன்றவரை நிரப்பியே நிறுத்துங்கள்.

டீசல் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் கையேடு குறிக்கும் காலத்தில் தவறாது மாற்றுங்கள்.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கறும்புகை எனில் காற்று போதவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. வெண்புகை நீடித்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. பம்பின் நேரத்தையும் எஞ்சினின் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். நீலப்புகை எனில் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கும். டீசலில் கலக்கும் எதுவும் அதைத் தீர்க்காது.

பம்பைச் சுற்றி டீசல் கசிந்தால் ரப்பர் வளையங்களை மாற்றுங்கள். பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் புதிய டீசலில் சுருங்குவது உண்டு. 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பல பழைய வண்டிகளில் இவ்வாறே கசிவு ஏற்பட்டது.

இவை யாவும் செய்த பின்னர், நாசில் கரிக்காகவோ பம்பின் மசகுக்காகவோ தரமான சேர்மானத்தைக் குறித்த அளவில் எப்போதாவது பயன்படுத்துவதில் தவறில்லை. உணவு செம்மையாக இருக்கும்போது உண்ணும் சத்து மருந்து போன்றது அது. பட்டினி கிடப்பவனுக்கு அது உணவாகாது.

காக்காவின் வண்டி இப்போது ஓடுகிறது. பம்பு புதுப்பிக்கப்பட்டது, டேங்க்கிலிருந்து ஒரு கைப்பிடி துருவும் சேறும் வெளியேறின. மாதத்தின் முதல் வெள்ளியன்று காலையில், சிறு கிண்ணம் ஒன்றை வடிகட்டியின் கீழ் வைத்து நீர் வடிப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது. அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஐந்து நிமிடம் போதும். சென்ற வாரம் உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பியதும் அதே வண்டியில்தான்.