புதுச்சேரியில் என்ன சாப்பிட்டீர்கள்?

புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்தவர்களிடம், "அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பீட்ஸா சாப்பிட்டோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்" என்பார்கள். பீட்ஸா இத்தாலிக்காரர்களுடைய பண்டம். தியாகராய நகரிலேயே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அதைத் தின்பதற்காக நூற்றைம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் இடிபட்டுப் போவானேன்? புதுச்சேரிக்கென்று தனியாக ஒரு சமையல் இருக்கிறது, சகோதரிகளே! அதை ருசி பார்க்காமல் திரும்புவது, திருநெல்வேலிக்குப் போய் அல்வாவை எட்டிப் பார்க்காமல் வருவது போலத்தான்.

ஊரை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வீதிகள். மேற்கே தமிழர் வீதிகள். கிழக்குப் பக்கத்தில் மஞ்சள் சுவரும் காகிதப் பூக் கொடியுமாக நிற்கும் பழைய மாளிகைகளில் பல இப்போது ஓட்டல்களாகிவிட்டன. பார்க்க ரம்மியமாக இருக்கும். பில்லைப் பார்த்தால்தான் சற்று மூச்சு அடைக்கும். சாப்பாட்டுக்கு மட்டுமின்றிச் சுவருக்கும் பூவுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம்! ஒரு நாள் காலையில் புஸ்ஸி வீதியிலுள்ள 'பேக்கர் ஸ்ட்ரீட்' ரொட்டிக் கடைக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். வெண்ணெய் மணக்கும் குருவாஸானைக் கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் சத்தம் போட மாட்டார்கள். நல்ல பண்டம்தான். ஆனால் அது பாரிஸ் நகரத்துப் பண்டம். நான் சொல்ல வந்தது வேறு.

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து குடியேற்றத்தை நிலைநாட்டினார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. நடுவில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் போக, ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு பிரெஞ்சு அதிகாரம். துரைமார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள், சரி; அடுப்படியில் நின்றவர்கள் யார்? நம் ஜனங்கள்தானே! மார்செய் நகரத்துக்காரர்கள் மீனைப் போட்டு 'புயாபேஸ்' என்று ஒரு சூப் வைப்பார்கள். அதற்குக் குங்குமப்பூ வேண்டும். இங்கே அந்த இடத்தில் மஞ்சள்தூள் ஏறிக்கொண்டது. 'ரகு' என்னும் இறைச்சிக் குழம்பில் இஞ்சியும் பூண்டும் பட்டையும் புகுந்தன. போர்த்துகீசியர் வழியாக வந்த காடியும் பூண்டும் 'விந்தால்' கறியாயின. வியட்நாமும் அப்போது பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்ததால், சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போன புதுச்சேரிக் குடும்பங்கள் அந்த ஊர்ப் பொரித்த சுருளைக் கற்றுக்கொண்டு திரும்பின. கிறிஸ்துமஸ் வந்தால் ரவையும் நெய்யும், ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்த 'விவிகம்' கேக்.

இதையெல்லாம் கிரியோல் சமையல் என்று ஒரு பெயரில் அடக்குகிறார்கள். பெயர் எதுவானால் என்ன? கைமணம் தமிழ்ப் பெண்களுடையது.

"சரி, எந்த ஓட்டலில் கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். சங்கடமே அங்கேதான் இருக்கிறது. இது ஓட்டல் சமையல் அல்ல, வீட்டுச் சமையல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகு, கல்யாணத்தில், பண்டிகையில் ஆக்கிப் படைத்தது. 1962 ஆகஸ்டு 16-ல் உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று வழி இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களில் பல பிற்பாடு பிரான்சுக்குப் போய்விட்டன. அம்மியும் உரலும் இங்கே தங்கின. அரைத்த கை அக்கரைக்குப் போயிற்று. மிஞ்சியவர்களிலும், பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்குத் தெரியவில்லை. அளவு எழுதி வைக்கிற வழக்கமும் நம் வீடுகளில் கிடையாது. "கண்ணளவு, கையளவு" என்று சொல்லியே காலத்தைக் கழித்துவிட்டோம். லூர்து திருவாஞ்சியம்-லூயி என்ற அம்மையார் இந்தச் சமையல் முறைகளைத் தொகுத்து 2012-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார். பெரிய உபகாரம். தமிழில் இப்படி ஒன்றுக்குப் பத்தாக வரவேண்டும்.

ஆனாலும் மனம் தளர வேண்டாம். பெருமாள் கோயில் வீதியில் 'மெஸோன் பெருமாள்' என்று ஒரு விடுதி இருக்கிறது. முற்றமும் மரத்தூண்களும் உள்ள பழைய தமிழ் வீடு. இந்த ஊர்ச் சமையலை விசேஷமாகச் செய்து போடுகிறார்கள். வேறு எங்கே போனாலும், பட்டியலில் பாஸ்டாவைத் தேடாமல், "புதுச்சேரிப் பண்டம் என்ன இருக்கிறது?" என்று வாய் திறந்து கேளுங்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் இன்னும் நல்லது. கேட்கிறவர்கள் இருந்தால்தானே ஆக்குகிறவர்கள் இருப்பார்கள்!

மீன் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம். வஞ்சிரத்துக்கும் கொடுவாவுக்கும் ஆசைப்படுகிறவர்கள் கோடை விடுமுறையைத் தவிர்த்துப் போவது உத்தமம்.

சிக்கனமாகச் சாப்பிட நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துவது. காபி, தோசை, ஆம்லெட், கட்லெட். யான் மார்ட்டல் என்ற கனடா எழுத்தாளர் 2001-ல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், கதை சொல்பவர் ஒரு கிழவரைச் சந்திப்பது இந்தக் காபி ஹவுஸில்தான். கதை கிடைக்குமோ இல்லையோ, காபி கிடைக்கும்.

வயிற்றுக்கு ஒரு வேளை ஓய்வு கொடுக்க விரும்பினால் அரவிந்தாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடம். முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சோறு, பருப்பு, காய்கறி, தயிர், ரொட்டி, வாழைப்பழம். காரம் என்ற பேச்சே கிடையாது. அத்தனை பேர் சத்தமில்லாமல் சாப்பிடும் அதிசயத்தை வேறெங்கே காண்பது! நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சுண்டல் பொட்டலத்துடன் நிம்மதியாக நடக்கலாம். உங்கள் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து, "இதோ வந்துவிடுகிறேன்" என்று வேறு திசையில் நழுவினால், புதுச்சேரி எதற்குப் பேர் போன ஊர் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு, கையோடு அழைத்துக்கொண்டு நடங்கள்!

திரும்புவதற்கு முன் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வடகம் வாங்க மறக்கவேண்டாம். கூழ் வடகம் இல்லை; தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கோடை வெயிலில் நாள் கணக்கில் காய வைத்தது. இதையே பிரெஞ்சுக்காரர்கள் 'வடுவான்' என்று பெயர் மாற்றிப் பொடியாக்கி, இன்று மேல்நாட்டுச் சமையற்காரர்கள் ஆட்டிறைச்சி மேல் தூவிப் பெருமைப்படுகிறார்கள். நீங்கள் நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை உதிர்த்துப் போட்டு, கருகவிடாமல் சிவக்க வைத்து, மீன் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ கொட்டுங்கள். வாங்கியதை மட்டும் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சென்னை வரைக்கும் பஸ்ஸில் எல்லோரும் உங்களையே திரும்பிப் பார்ப்பார்கள்.